பழைய ஜேர்மன் ரைபிள்: வாசகர் கேள்வி, எமது பதில்

கேள்வி: மூத்தப்பா வயலுக்கென்று வைத்திருந்த .22 ரைபிள் ஒன்று எங்கள் வீட்டில் கிடக்கிறது. மேலே 'வால்தர்' என்று வெட்டியிருக்கிறது. கட்டையோ பழைய இராணுவத் துவக்கின் கட்டை மாதிரி முன்னுக்கு நீண்டு போகிறது. ஒருவர் இது மவுசர் என்கிறார். இன்னொருவர் 'ஹிட்லர் காலத்து ஆமித் துவக்கு, நல்ல விலை போகும்' என்கிறார். எது சரி?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: விலையைப் பிறகு பார்ப்போம். மூத்தப்பாவின் உரிமம் மூத்தப்பாவின் பெயருக்குத்தான், துவக்கோடு சேர்ந்து அது பேரனுக்கு வராது. பொலிஸ் நிலையத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் முதலில் தகவல் சொல்லுங்கள். துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டாம். உள்ளே ரவை இருக்கிறதா என்று பார்க்காமல் தொடவும் வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் சொல்லும் வடிவம் பெரும்பாலும் 1934 இல் வந்த 'டொய்ச்செஸ் ஸ்போர்ட்மொடெல்'. இராணுவத்தின் மவுசரைப் போலக் கட்டை, ஆனால் ஒரு தடவைக்கு ஒரே ஒரு .22 ரவை. இலக்குச் சூட்டுப் பயிற்சிக்காகவே செய்தது, போருக்குப் போன துவக்கு அல்ல. இதே மாதிரியை வால்தர், மவுசர், அன்ஷூட்ஸ், கெக்கோ, பி.எஸ்.டபிள்யூ. என்று பல தொழிற்சாலைகள் செய்தன. அதனால்தான் வால்தரின் பெயரும் மவுசரின் சாயலும் ஒரே துவக்கில் நிற்கின்றன. பெயரை வைத்து ரகம் சொல்ல முடியாது, மேற்பகுதியில் வெட்டியிருக்கும் வாசகத்தை முழுதாகப் படியுங்கள். 'ஸ்போர்ட்மொடெல்' என்ற சொல் இருந்தால் இந்த ரகம். 'வேர்ஷ்போர்ட்' என்று தொடங்கும் நீண்ட சொல் இருந்தால் அது பின்னால் வந்த கே.கே.டபிள்யூ. என்ற பயிற்சி ரைபிள். அதன் கட்டையும் வளையங்களும் கே98கே இராணுவ ரைபிளுக்கு இன்னும் கிட்ட நிற்கும். விசைக்கு முன்னால், கட்டையின் அடியில் ரவைப் பெட்டி செருகும் இடம் இருந்தால் இரண்டுமில்லை. அப்படியானவற்றில் அடிக்கடி காணப்படுவது மவுசரின் எம்.எஸ்.420. அதன் ஒற்றைச் சூட்டு உறவுக்காரன் ஈ.எஸ்.340.

ஊர்ப் பெயரும் நல்ல சாட்சி. வால்தரும் அன்ஷூட்ஸும் போருக்கு முன் செல்லா-மெஹ்லிஸ் என்ற ஊரில் இருந்தன, போருக்குப் பின் இரண்டும் உல்முக்குப் போயின. 'உல்ம்' என்று வெட்டியிருந்தால் அது 1945 க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. மவுசரின் ஊர் ஓபெர்ன்டோர்ஃப்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நம்பத்தக்கவை, குழலின் பின்பக்கத்தில் உள்ள பரிசோதனை முத்திரைகள், அதாவது துவக்கைச் சோதித்துப் பார்த்த சாலை வெட்டிய அடையாளங்கள். சில மரத்துக்கு அடியில் மறைந்திருக்கும். கிரீடத்தின் கீழ் பி, யு, ஜி, என் ஆகிய எழுத்துகள் இருந்தால் 1939 வரைக்குமான பழைய முறை. கழுகின் கீழ் என் என்றால் 1940 முதல். '7 34' போன்ற இலக்கம் 1934 யூலையைக் குறிக்கும். மி.மீ. என்று முடிவது குழலின் உள்விட்டம், அதை ஆண்டென்று எண்ணிவிட வேண்டாம். இந்தக் கழுகைக் கண்டதும் 'நாசி ஆமித் துவக்கு' என்று விலையேற்றும் ஆட்கள் உண்டு. கடையில் விற்ற சாதாரண ரைபிளிலும் அதே கழுகுதான்.

கடைசியாக, குழல், உடல், போல்ற் (ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) மூன்றிலும் உள்ள தொடர் இலக்கங்களை ஒப்பிடுங்கள். போல்ற்றின் இலக்கம் பொருந்தாவிட்டால் வேறு துவக்கின் போல்ற் ஏறியிருக்கிறது. சேகரிப்பாளரிடம் மதிப்புக் குறையும், அதைவிட ஆபத்து ஒன்றும் இருக்கிறது. .22 ரவைக்குத் தீப்பிடிக்கும் மருந்து அதன் பின் விளிம்புக்குள் இருக்கிறது. போல்ற்றுக்கும் ரவைக்கும் இடையில் இடைவெளி கூடினால் அந்த விளிம்பு பிளந்து வாயு சுடுபவரின் முகத்துக்குத் திரும்பலாம். வெறுமனே விசையை இழுத்துப் பார்ப்பதும் கூடாது. ரவை இல்லாதபோது அடிமுனை குழலின் விளிம்பையே நேராகக் குத்தும், அங்கே பள்ளம் விழுந்தால் பிறகு ரவை உள்ளே போகவும் இடக்குப் பண்ணும், வெளியே வரவும் இடக்குப் பண்ணும்.

கேள்வி: 'டயானா' 27 எயார் ரைபிள்கள் இரண்டு பார்த்தேன். ஒன்றில் 'மேட் இன் கிரேட் பிரிட்டன்', மற்றதில் டயானா என்ற சொல்லே இல்லை, 'ஒரிஜினல்' என்றும் மேற்கு ஜேர்மனி என்றும் இருக்கிறது. எது போலி?
– வாசகி, கல்முனை

பதில்: இரண்டுமே போலியில்லை. டயானாவை ஜேர்மனியின் ராஸ்டாட்டில் 1890 இல் தொடங்கிய மாயர் அன்ட் கிரமெல்ஸ்பாகர் செய்தது. போர் முடிந்ததும் அதன் இயந்திரங்களும் பெயரும் பிரிட்டனுக்குப் போயின. ஸ்கொட்லாந்தின் மில்புரோ 'டயானா' என்ற பெயரில் விற்றது. ராஸ்டாட் தொழிற்சாலை மீண்டும் எழுந்தபோது சொந்தப் பெயரைப் பிரிட்டனில் போட வழியில்லாமல் 'ஒரிஜினல்' என்று போட்டது. அதே 27 தான் 'கெக்காடோ' என்றும், அமெரிக்காவில் 'ஹை-ஸ்கோர் 807', 'வின்செஸ்டர் 427' என்றும் போனது. காலத்தை அறிய, காற்றை அழுத்தும் உருளையில் மாதமும் ஆண்டுமாக வெட்டிய சிறு இலக்கத்தைத் தேடுங்கள். ஐங்கோணத்துக்குள் எஃப் எழுத்து இருந்தால் 1970 அல்லது அதற்குப் பின், சுடும் சக்திக்கு ஜேர்மனி வைத்த 7.5 ஜூல் எல்லைக்குள் அடங்கியது என்று பொருள். ஏற்றுமதிக்குப் போனவற்றில் அது இல்லாமலும் இருக்கும், ஆகவே எஃப் இல்லாததை வைத்துப் பழையது என்று முடிவு செய்யாதீர்கள்.

பிரிட்டன் துவக்குக்கு ஜேர்மன் உதிரிப்பாகம் பொருந்தும் என்று நம்பிக் காசு கொடுக்கவும் வேண்டாம். ஜேர்மன் 27 இன் விசைக்குள் மூன்று சிறு உருக்குக் குண்டுகள் இருக்கின்றன. கழற்றுகிறவர் விரிப்பில்லாமல் கழற்றினால் ஒன்றாவது உருண்டு காணாமல் போகும்.

கேள்வி: அன்ஷூட்ஸ் குழலில் மான்கொம்பு முத்திரை, பக்கத்தில் 'எச் சி'. என்ன அது?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மான்கொம்பு உல்ம் பரிசோதனைச் சாலைக்குரியது. எழுத்துகள் ஆண்டைச் சொல்கின்றன. ஏ 0, பி 1, சி 2 என்று ஒழுங்காக எண்ணுங்கள், ஜே கிடையாது, ஆகவே கே 9. உங்களுடையது 1972.

கேள்வி: கறள் பிடித்த குழலைச் சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசலாமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: இரண்டும் வேண்டாம். சாண்ட்பேப்பர் கறளோடு முத்திரைகளையும் கொண்டுபோய்விடும், பிறகு எந்த ரகம் என்று எவரும் சொல்ல முடியாது. தேங்காய் எண்ணெய் நாளாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். எயார் ரைபிளின் உருளைக்குள் எந்த எண்ணெயையும் தாராளமாக விட்டால் அழுத்தச் சூட்டில் அது தீப்பற்றும். உருளைக்குள் காற்றுக் கசியாமல் காக்கும் தோல் வாசருக்கு ஓரிரு துளி போதும்.

தையல் மெசினுக்கு விடும் மெல்லிய எண்ணெயைக் கறளில் விட்டு ஒருநாள் ஊறவிடுங்கள். பிறகு மிக மெல்லிய உருக்குப் பஞ்சால், எண்ணெய் ஈரத்தோடேயே மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். ஆணிக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவர் கிடைத்தால் மட்டும் கட்டையைக் கழற்றுங்கள். வாவியோர வீடுகளில் கறள் கூடுதலாகத் தின்பது மரத்துக்குள் மறைந்த பாகத்தைத்தான். பஞ்சு வைத்த உறைக்குள் பூட்டி வைத்தால் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். கார்த்திகை, மார்கழி மாரியில் உறையிலிருந்து எடுத்து, உங்கள் பூட்டிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள். பொதிகளை இடைக்கிடை சூடாக்கி உலர்த்திக்கொள்ளலாம்.