உறுதியில் என் பெயர்

கேள்வி: களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போகிறேன். மேலதிக நேரம் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்க இரவு எட்டு மணியாகும். ‘இவ்வளவு நேரமும் எங்க நின்ட?’ என்று கணவர் தொடங்குவது அடியில் முடிகிறது. சம்பளமும் அவர் கைக்கே போகிறது. வீடு எனக்குச் சீதனமாக எழுதப்பட்டது. அம்மாவோ, ‘ஊர் சிரிக்கும் மகள், ஏலாட்டி பின்வளவுக்கு வந்து எங்களோட இரு’ என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் அம்மாவின் வார்த்தையிலேயே என் மனம் நின்றுவிட்டது. அடித்தவர் வீட்டில் இருக்க, வீட்டின் உறுதிப் பத்திரத்தில் பெயருள்ளவர் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போவது என்ன நியாயம்?

மகளுக்கு வீட்டைக் கொடுத்து மருமகனை அங்கே குடிவைப்பது மட்டக்களப்பின் பழைய வழக்கம். அதைச் சொல்லி, எங்கள் பெண்களுக்கு என்ன குறை என்று பெருமைப்படுவோர் பலர். ஆனால் வீட்டுக்குரியவள் என்ற அந்த மதிப்பெல்லாம், ‘குடும்பப் பெண் விளக்கு வைக்குமுன் வீடு சேர வேண்டும்’ என்ற ஒற்றை எண்ணத்தின் முன் நொறுங்கிப்போகிறது. இலக்கு முடியாமல் மெசினை விட்டு எழும்ப முடியாது, மேலதிக நேரம் செய்யாமல் அடிப்படைச் சம்பளத்தில் அடுப்பு எரியாது என்பதை உங்கள் கணவர் அறியாதவரல்லர். அந்தப் பணத்தை வாங்கிக்கொள்பவரே அவர்தானே.

தேசவழமை என்ற மரபுச் சட்டம் வட மாகாணத் தமிழருக்குரியது. உங்களுக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். விவாகமான பெண்களின் ஆதனம் பற்றிய 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உங்கள் வீடும் உங்கள் உழைப்பும் உங்களுடையவை. ஈடு வைக்கவென்று அவர் கையொப்பம் கேட்டால் வைக்காதீர்கள்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். உங்கள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளையும், 14 நாட்களுக்குள் நடக்கும் விசாரணையின் பின் 12 மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளையும் கிடைக்கக்கூடும். அக்கட்டளையால், நீங்கள் இருவரும் வாழ்ந்த வீட்டுக்குள்ளும் உங்கள் வேலைத்தலத்துக்குள்ளும் அவர் நுழைவதைத் தடுக்க முடியும். இது விவாகரத்து வழக்கு அன்று என்பதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவருடைய பயத்தில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

காயப்பட்டு வைத்தியசாலைக்குப் போனால், ‘கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனையோ பெண்கள் வெட்கத்தால் சொல்லும் அந்த ஒரு வரி, பிறகு அவர்களுக்கே எதிரான சாட்சியாகிவிடுகிறது. 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சந்திக்கலாம். பொலிஸ் நிலையத்தில் ‘சமாதானமாகப் போங்கள்’ என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், முறைப்பாட்டைப் பதிந்து அதன் இலக்கத்தை வாங்காமல் எழும்பாதீர்கள்.

அடுத்த சம்பளத்துக்கு முன் உங்கள் பெயரில் தனிக் கணக்கொன்றைத் திறவுங்கள். வீட்டு உறுதி அலுமாரியில் இருந்தால், அதை இன்றே அம்மாவின் பெட்டிக்குள் பத்திரப்படுத்துங்கள். பின்வளவுக்கு அது போனால் போதும், நீங்கள் போக வேண்டியதில்லை.