மாற்றுக் கதவில் கண்ணாடி மாட்டுவது: அம்பாசடர் கேள்வி பதில்

காரைக்குடி: அண்ணே, அம்பாசடருக்குப் பழைய கதவு ரெண்டு வாங்கி பெயின்ட் அடிச்சாச்சு. கீழ வச்சே கண்ணாடியை மாட்டிட்டு அப்புறம் கதவைத் தூக்கலாமா?

வேண்டாம் தம்பி. வெறும் கதவைத் தொங்கவிட்டு, கீல் போல்ட்டை முறுக்கி, சுற்றிலும் சந்து ஒரே அளவாக வந்த பிறகுதான் கண்ணாடி. வேறு வண்டிக் கதவு உங்கள் வண்டியின் பில்லரோடு (கதவைத் தாங்கும் தூண்) ஒத்துவரக் கொஞ்சம் நெம்ப, தட்ட வேண்டியிருக்கும். உள்ளே கண்ணாடி இருந்தால் கை வைக்க முடியாது. முதலில் வின்டர் மெஷினை (கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி) உள்ளே விட்டு போல்ட்டைத் தளர்வாக வையுங்கள். அப்புறம் ஃபெல்ட் சேனல் (கண்ணாடி ஓடும், கம்பளித்துணி பதித்த பள்ளம்), கண்ணாடி. முன்கதவானால் கடைசியாகக் குவார்ட்டர் கண்ணாடி (முன்மூலையில் உள்ள சின்ன முக்கோணக் கண்ணாடி) ஃப்ரேம். நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் இறுக்குங்கள்.

தேவகோட்டை: இறக்கும்போது பாதியில ஹேண்டில் இறுகுது. கிரீஸ் போடலாமா?

ஃபெல்ட்டில் கிரீஸ், எண்ணெய் கூடவே கூடாது. நம்ம ஊர்ச் செம்மண் தூசி அதில் ஒட்டி உப்புத்தாளாகி, கண்ணாடியில் நெடுக்கக் கோடு போட்டுவிடும். சிலிக்கான் ஸ்பிரே போதும். கிரீஸ், மெஷின் பல்லுக்கு மட்டும். மெஷினைக் கழற்றிவிட்டுக் கையால் இறக்கிப் பாருங்கள். அப்போதும் சிக்கினால் இரண்டு பக்கச் சேனலும் மேலே அகலம், கீழே குறுகல் என்று நிற்கிறது. குவார்ட்டர் ஃப்ரேமின் அடி போல்ட்டைத் தளர்த்தி முன்னால் நகர்த்துங்கள். கையில் லேசாக ஓடினால் கோளாறு மெஷினில்.

பள்ளத்தூர்: எங்க ஐயா காலத்து வண்டி. கண்ணாடி, அடியில அதைப் பிடிச்சிருக்கிற இரும்புச் சேனலை விட்டுக் கழன்று கதவுக்குள்ள விழுந்துருச்சு.

ஆச்சி, ரப்பர் பட்டை காய்ந்து சுருங்கியிருக்கும். சேனலில் இருந்த இடத்தின் தடம் கண்ணாடியில் தெரியும். துடைப்பதற்கு முன் மார்க்கரில் குறித்துவிடுங்கள். அரை அங்குலம் தள்ளிப்போனாலும் கண்ணாடி சாய்ந்துதான் ஏறும். சேனல் துருவைச் சுத்தமாகச் சுரண்டி பிரைமர் அடியுங்கள். உள்ளே துரு உப்பினால் கண்ணாடியில் விரிசல் விழும். கண்ணாடியைத் தலைகீழாகக் கம்பளியில் நிறுத்தி, புது ரப்பரை விளிம்பில் மடித்துப் போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, மேலே மரக்கட்டை வைத்து ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுங்கள். புளித்த காடி வாடை அடிக்கும் சிலிக்கான் பசை வேண்டாம், அது இரும்பை அரிக்கும்.

கானாடுகாத்தான்: வேற வண்டிக் கண்ணாடியை ஓரம் வெட்டிப் போடலாமா?

டஃபன் கண்ணாடி (சூடாக்கி உறுதியாக்கியது) என்றால் வெட்ட முடியாது, வெட்டப் போனால் பொடிப்பொடியாகிவிடும். ஹார்ட்போர்டில் அச்சு வெட்டி, கதவில் ஓட்டிப் பார்த்துக் கண்ணாடிக் கடையில் கொடுங்கள். அளவுக்கு வெட்டி, விளிம்பு தீட்டிய பிறகே டஃபன் பண்ணுவார்கள்.

புதுவயல்: மழையில கதவுக்குள்ள தண்ணி போகுது.

போகத்தான் செய்யும். கதவின் அடியில் உள்ள ஓட்டைகளைப் பட்டியும் பெயின்ட்டும் அடைத்திருக்கும், குத்தி எடுங்கள். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினால் உடனே கீழே சொட்ட வேண்டும். டோர் பேடுக்கு (கதவின் உள்பக்க அட்டை) பின்னால் பிளாஸ்டிக் ஷீட் ஒட்ட மறக்காதீர்கள்.