மனுவைக் கொடுங்கள், அந்த ஒன்பது கடிதங்களைக் கொடுக்காதீர்கள்

கேள்வி (சுருக்கியது): அம்மாவுக்கு 71 வயது, புற்றுநோய். மருந்து ஏற்றி வந்த நாட்களில் ஒரு வாய் சோறுகூட இறங்குவதில்லை. கனடாவில் இருந்து வந்த மாமி கொண்டுவந்த கஞ்சா எண்ணெயில் இரண்டு துளி நாக்கில் விட்டோம். அன்றிரவு ஒரு இடியப்பம் சாப்பிட்டுவிட்டு நித்திரையானா. போத்தல் முடிந்ததும் தம்பி வளவில் இரண்டு செடி வைத்தான். எங்களைப் போல நோயாளிகள் உள்ள 12 குடும்பங்கள் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினோம். வட மாகாணத்தில் மருத்துவக் கஞ்சாவை அனுமதிக்கச் சொல்லி 240 கையெழுத்துச் சேர்த்திருக்கிறோம். கலிபோர்னியாவில் சாதாரண மக்கள் இப்படித்தான் மாநிலச் சட்டத்தை மாற்றினார்கள் என்று அங்கிருக்கும் அத்தான் சொல்கிறார். 'எனக்கு இது உதவியது' என்று 9 பேர் கைப்பட எழுதிய கடிதங்களும் மனுவோடு உண்டு. ஆளுநரிடம் கொடுக்க இருந்த கிழமை, வேலிச் சண்டையில் கோபமாக இருந்த பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்குச் சொல்லிவிட்டார். செடிகளைப் பிடுங்கி, தம்பியையும் கொண்டு போனார்கள். மறுநாள் நீதவான் பிணை கொடுத்தார். நோயாளிக்காக வைத்த செடிக்கு இப்படிச் செய்யலாமா? அடிப்படை உரிமை மீறல் வழக்குப் போட நினைக்கிறோம். கடிதங்களோடு மனுவையும் உடனே கொடுத்துவிடவா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு விசயம். அந்தச் செடியில் இருந்தோ போத்தலில் இருந்தோ, உங்கள் வீட்டைத் தாண்டி வேறு யாருக்காவது ஒரு துளி போயிருக்கிறதா? அல்லது தருவதாக யாராவது எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிடுங்கள். யார் சொன்னார், ஏன் சொன்னார் என்பது நீதிமன்றத்துக்குத் தேவையில்லை. செடி நின்றது, உரிமம் இல்லை, கதை முடிந்தது. வேலிப் பிரச்சினைக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. அதை இந்த வழக்குக்குள் கொண்டு வராதீர்கள்.

அம்மா பட்ட வேதனையை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் நோய்க்காக வளர்த்தேன் என்பது இலங்கைச் சட்டத்தில் எதிர்வாதம் ஆகாது. 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி வளர்ப்பதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. செடி எதற்காக என்று அது கேட்பதில்லை. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு கஞ்சாவை மிகக் கடுமையான அட்டவணையில் இருந்து எடுத்ததை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை. அதனால் நம்முடைய கட்டளைச் சட்டத்தில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ஏற்றுமதிக்காக மீரிகமவில் 64 ஏக்கரில் கஞ்சா வளர்க்க வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி கொடுத்த 2025 ஆம் ஆண்டுச் செய்தியையும் வெட்டி அனுப்பியிருக்கிறீர்கள். பாராளுமன்ற உறுப்பினரிடம் வைக்க அது நல்ல வாதம். நீதவானிடம் அதைச் சொன்னால், 'அவர்களிடம் அனுமதி இருக்கிறது, உங்கள் தம்பியிடம் இருக்கிறதா' என்றுதான் கேட்பார்.

கலிபோர்னியா விசயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. அத்தான் சொல்வது சரி. 1996 நவம்பரில் அங்கே மக்கள் தாங்களே கையெழுத்துச் சேர்த்து, 215 ஆம் இலக்கப் பிரேரணையைத் தேர்தல் வாக்குச்சீட்டில் ஏற்றி, ஏறத்தாழ 56 வீத வாக்குகளால் வென்றார்கள். அமெரிக்காவில் மருத்துவக் கஞ்சாவை முதலில் அனுமதித்த மாநிலம் அதுதான். ஆனால் அந்த மாநில அரசியலமைப்பிலேயே மக்களுக்கு அப்படி ஒரு வழி இருக்கிறது. நமக்கு இல்லை. இங்கே 240 கையெழுத்தும் ஒரு வேண்டுகோள்தான், இரண்டு லட்சம் சேர்த்தாலும் வேண்டுகோள்தான். மாகாணம் என்றால் மாநிலம் மாதிரி என்று நினைக்கிறீர்கள். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை, உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. ஆளுநர் உங்கள் மனுவை வாங்குவார், புகைப்படமும் எடுப்பார்கள். கட்டளைச் சட்டத்தைத் திருத்துவது அவர் கையில் இல்லை. அது கொழும்பில் பாராளுமன்றத்தின் வேலை.

அத்தான் சொல்லாத பாதியும் உண்டு. கலிபோர்னியா சட்டத்தை மாற்றிய பிறகும் மத்திய அரசின் தடை அப்படியே இருந்தது. 2002 இல் மத்திய அதிகாரிகள் டயேன் மொன்சன் என்ற நோயாளியின் வீட்டுக்குப் போய் அவர் வளர்த்த 6 செடிகளை அழித்தார்கள். அவரும் ஏஞ்சல் ரைச் என்ற இன்னொரு நோயாளியும் தொடர்ந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005 இல் அவர்கள் தோற்றார்கள். மாநிலச் சட்டம் அனுமதித்த நோயாளிக்கே அந்த நிலை. உங்கள் தம்பிக்கு எந்தச் சட்டமும் அனுமதி தரவில்லை.

சரி, இப்போது நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன்.

இன்று தம்பி மீது இருப்பது செடி வளர்த்த குற்றச்சாட்டு. அது நீதவான் நீதிமன்றத்தில் முடியக்கூடியது. அதே கட்டளைச் சட்டத்தில் 54அ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1984 இல் சேர்த்தது, கடத்தலையும் இறக்குமதியையும் பற்றியது. கடத்தல் என்றவுடன் பாக்கு நீரிணையைக் கடந்து படகில் வரும் கேரளக் கஞ்சாப் பொதிகள்தான் நம் ஆட்களின் நினைவுக்கு வரும். சட்டம் கடத்தலுக்குத் தரும் பொருள் வேறு. விற்பது மட்டுமில்லை. கொடுப்பது, எடுத்துக் கொடுப்பது, சேமித்து வைப்பது, ஒருவருக்கு ஊட்டுவது, கொண்டு போவது, அனுப்புவது, பகிர்வது எல்லாம் கடத்தல்தான். இவற்றில் எதையாவது செய்வதாகச் சொல்வதும் கடத்தல்தான். காசு வாங்கினீர்களா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

இதை வைத்துக்கொண்டு உங்கள் வட்ஸ்அப் குழுவைத் திரும்பப் பாருங்கள். நீங்கள் இணைத்து அனுப்பிய திரைப்பிடிப்புகளில் (ஸ்கிரீன்ஷொட்) ஒன்றை நான் மூன்று முறை வாசித்தேன். ஒருவர் தன் மனைவிக்கு வாந்தி நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே தம்பியின் பதில்: 'அண்ணை பின்னேரம் வாங்கோ, எங்களிட்டைக் கொஞ்சம் இருக்கு.' ஈரமுள்ள பிள்ளை எழுதிய வரி அது. வழக்கைக் கொண்டு நடத்துபவருக்கு, தருவதாக எழுத்திலேயே சொன்னதற்குச் சான்று.

வழக்கு அந்தப் பிரிவுக்குள் போய்விட்டால் நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அங்கேயும் விதிவிலக்கான காரணம் காட்ட வேண்டும். அளவும் தண்டனையும் கூடினால் 2022 திருத்தத்தின்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டும். விசாரணை முடியாமல் ஒரு வருடம் மறியலில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு மேலும் நீடிக்கச் சட்டமா அதிபர் கேட்கலாம். பிடித்த பொருளைச் சோதிக்கும் அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும் வரை வழக்கு அசையாது. அந்த அறிக்கை எத்தனை தவணை எடுக்கும் என்று உங்கள் ஊரில் மறியலுக்குப் போன பிள்ளையின் தாயைக் கேட்டுப் பாருங்கள்.

என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன், ஊரும் பேரும் வேண்டாம். மூட்டு வலிக்காரர், அறுபதைத் தாண்டியவர். பக்கத்து ஒழுங்கையில் இருந்த சினேகிதருக்கும் அதே வலி. ஒரு பழைய பால்மாப் பேணியில் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார். ஐந்து சதம் வாங்கவில்லை. பிடிபட்டது சினேகிதர்தான். 'யார் தந்தது' என்று கேட்டதும் அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். தனக்கென்று வைத்திருந்தவர் தண்டப்பணம் கட்டி வீட்டுக்குப் போனார். இரக்கப்பட்டுக் கொடுத்தவர் மறியலுக்குப் போனார். ஒவ்வொரு தவணைக்கும் அவருடைய மனைவி அந்தப் பேணியின் மூடியைக் கைப்பையில் கொண்டு வருவா. இவ்வளவுதான் கொடுத்தது, நீதவானிடம் காட்டுங்கோ என்று என்னிடம் நீட்டுவா. அளவு சின்னது என்பது அவரைக் காப்பாற்றவில்லை. கொடுத்தார் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், அந்த 9 கடிதங்கள் வெளியே போகக் கூடாது. பொலிசிடம் சொன்ன குற்ற ஒப்புதலை வழக்கில் எடுக்க முடியாது என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு சொல்கிறது. அதை நம்பித்தான் பலர் வாய் திறக்கிறார்கள். ஆனால் ஆளுநருக்கு எழுதிய கடிதம் பொலிசிடம் சொன்னதாகாது. பேஸ்புக்கில் போட்ட வீடியோவும் ஆகாது. நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்து வைத்து, திகதியும் போட்டு, அடையாள அட்டை இலக்கமும் சேர்த்து அரசாங்கத்தின் கையில் கொடுக்கும் சான்று அது. ஒன்பதில் மூன்று கடிதத்தில் 'தம்பி தந்த எண்ணெய்' என்று இருக்கிறது. அந்த மூன்றும் மனுவோடு போனால் வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

அடிப்படை உரிமை வழக்கும் இதே குழிதான். கைது நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சத்தியக்கடதாசியை யோசித்தீர்களா? நடந்ததையெல்லாம் சத்தியம் செய்து எழுத வேண்டும். செடியை ஏன் வைத்தீர்கள், அதற்கு முன் என்ன கொடுத்தீர்கள், அது எங்கிருந்து வந்தது. உண்மையைச் சொன்னால் தம்பியையும் மாமியையும் மாட்டுகிறீர்கள். மறைத்தால் அது இன்னொரு குற்றம். தம்பியை அடித்ததாகவோ, நீதவானிடம் கொண்டு போகாமல் வைத்திருந்ததாகவோ நீங்கள் எழுதவில்லை. பிறகு எதை மீறல் என்பது? இந்த வழக்கை நான் எடுக்க மாட்டேன். எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், என்ன எழுதப் போகிறார் என்று முதலில் கேளுங்கள்.

என் யோசனை, பிடிக்காவிட்டாலும் கேளுங்கள்: அடுத்த தவணையில் குற்றச்சாட்டுப் பத்திரத்தை உங்கள் சட்டத்தரணி வடிவாக வாசிக்கட்டும். செடி வளர்த்தது மட்டும்தான் என்றால் தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டப்பணத்தைக் கட்டி, வழக்கை அங்கேயே முடிக்கட்டும். அம்மாவின் கிளினிக் கொப்பி வேலை செய்யும் இடம் அதுதான். குற்றவாளி இல்லை என்று காட்ட அது உதவாது. தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது, மருந்து ஏற்றிய திகதிகளோடு அதை நீதவானின் மேசையில் வைத்தால் அவர் வாசிப்பார். வழக்கை இழுத்தால் விசாரணை விரியும், தொலைபேசியைக் கேட்பார்கள். நாம் பயப்படுவது அதற்குத்தான்.

ஒப்புக்கொள்வதற்கும் ஒரு விலை இருக்கிறது. தண்டப்பணம் கட்டி முடித்தாலும் அது குற்றத் தீர்ப்புத்தான், பொலிஸ் பதிவில் வரும். தம்பி கனடாவுக்கோ வேறெங்கோ விண்ணப்பிக்கும் எண்ணத்தில் இருந்தால், அந்த நாட்டுக் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் முதலில் கேளுங்கள். தண்டத்தைக் கட்டிவிட்டு பொலிஸ் நற்சான்று எடுக்கப் போன நாளில்தான் இதை அறிந்து என்னிடம் அழுதவர்கள் இருக்கிறார்கள்.

குழுவைக் கலைக்கச் சொல்லவில்லை. சட்டத்தை மாற்றக் கேட்பது உங்கள் உரிமை, பேசுவதும் கூடுவதும் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. இந்த வேலையை நாலு பேர் துணிந்து செய்ய வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். மனுவைத் திரும்ப எழுதுங்கள். யார் குடித்தார், யார் தந்தார் என்று ஒரு வரியும் அதில் வேண்டாம். நோயைப் பற்றி எழுதலாம். இப்போதைய மருந்துகள் எங்கே போதாமல் இருக்கின்றன என்று எழுதலாம். கனடாவில் 2001 இல் இருந்தே நோயாளிகளுக்கு அனுமதி இருப்பதை எழுதலாம். இங்கே ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த வைத்தியர்கள் மருந்து செய்யத் திணைக்களத்தின் ஊடாகக் கஞ்சா பெறும் வழி ஏற்கெனவே இருக்கிறது. சித்த மருத்துவமும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. கைதடிப் பக்கம் படித்த சித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். அந்த வழியைப் புற்றுநோயாளிகளுக்கு எப்படி விரிக்கலாம் என்று அவர்களில் இருவர் கையெழுத்திட்டு எழுதினால், உங்கள் 240 கையெழுத்தையும்விட அது கனமாக இருக்கும். அதை யாழ்ப்பாண மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் சுகாதார அமைச்சிடமும் கொடுங்கள். தம்பியின் வழக்கு முடிந்த பிறகு கொடுங்கள். தம்பி முன்னுக்கு நிற்கவும் வேண்டாம்.

கடிதங்களை எரிக்காதீர்கள், குழுவில் இருப்பதை அழிக்காதீர்கள். சான்றை இல்லாமல் செய்வதும் குற்றம். கடிதங்களை ஒரு உறையில் போட்டு உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள். குழுவில் இனி மருந்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், 'இருக்கா' என்ற கேள்விகூட வேண்டாம். அம்மாவின் வலிக்கு மோர்பின் சட்டப்படி கிடைக்கும். பசியின்மைக்கும் வாந்திக்கும் வேறு மருந்துகளும் உண்டு. கிளினிக்கில் வெட்கப்படாமல் கேளுங்கள், முதல் முறை தராவிட்டால் இரண்டாம் முறையும் கேளுங்கள்.

மாமியைப் பற்றி ஒன்று. கனடாவில் கடையில் வாங்கியது என்பது கட்டுநாயக்கவில் இறங்கியதும் செல்லாது, இங்கே அது இறக்குமதி, அதே 54அ. போத்தலில் என்ன லேபிள் ஒட்டியிருந்தாலும் பகுப்பாய்வாளர் சொல்வதுதான் கணக்கு. அடுத்த மாதம் திரும்பவும் வரும்போது இரண்டு போத்தல் கொண்டு வருவதாகச் சொன்னா என்று உங்கள் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இன்றிரவே அவவுக்கு அழைப்பு எடுங்கள். வேண்டாம் என்று வாயால் சொல்லுங்கள், எழுதி அனுப்பாதீர்கள்.