புக்கெட்டில் ஸ்கூட்டர்: பெர்மிட் இருந்தும் அபராதம் ஏன்?

தாய்லாந்தின் புக்கெட்டில் வாடகை ஸ்கூட்டர் ஓட்டி, பெர்மிட் இருந்தும் அபராதம் கட்டியிருக்கிறீர்கள்; அந்த ரசீதை வைத்து மீதி நாட்களும் ஓட்டலாமா என்று கேட்கிறீர்கள். அபராத ரசீது ஓட்டுவதற்கான அனுமதி ஆகாது. பெர்மிட்டைச் சரிபார்க்கும் வரை அந்த ஸ்கூட்டரைத் தொடாதீர்கள்.

சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டைக் காட்டியும் போலீஸ் ஏற்கவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்: அது காருக்கு மட்டும் தரப்பட்டிருக்கும். ஊரில் உங்கள் லைசென்ஸில் எல்எம்வி (கார் போன்ற இலகுரக வாகனம்) மட்டும் இருந்தால், பெர்மிட்டிலும் கார்தான் வரும்.

இப்போதே அந்தப் பெர்மிட் புத்தகத்தை எடுங்கள். உங்கள் புகைப்படம் ஒட்டிய பக்கத்தில் ஏ, பி, சி, டி, இ என்று வரிசையாக இருக்கும். ஏ என்றால் மோட்டார் சைக்கிள், பி என்றால் கார். ஏ-க்கு நேரே முத்திரை இருக்கிறதா? இல்லையென்றால் போலீஸ் செய்தது சரிதான். இருந்தால் தேதியைப் பாருங்கள். நம் ஊர் பெர்மிட்டுக்கு ஆயுள் ஒரு வருடம்தான். ஒரிஜினல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும்.

அபராதம்கூடப் பெரிதில்லை, எனக்குக் கவலை இன்சூரன்ஸ்தான். உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விழுந்தால், பயணக் காப்பீடு பெரும்பாலும் கைவிரித்துவிடும். அங்கே தனியார் மருத்துவமனையில் எலும்பு முறிவுக்கு ஆகும் செலவு குடும்பத்தையே உலுக்கிவிடும். வண்டி தருபவர் "பரவாயில்லை, எல்லாரும் ஓட்டுகிறார்கள்" என்பார். விபத்தானால் அவர் பொறுப்பேற்க மாட்டார்.

ஏ முத்திரை, தேதி எல்லாம் சரியாக இருந்தால் தாராளமாக ஓட்டுங்கள், பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். அப்புறம், பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள்.