ஓவசியர் பதில்கள்: தீவைச் சுற்றிச் சுவர் கட்டினால் போதுமா?

கேள்வி: என் மகன் மாலைதீவில் ஒரு சின்னத் தீவில் மேசன் வேலை செய்கிறான். போன மாதம் கடல் தண்ணீர் அவர்கள் தங்கும் அறை வாசல் வரை வந்துவிட்டதாம். எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னால் மண் சரியாமல் கட்டியிருக்கிற மாதிரி, தீவைச் சுற்றி ஒரு கல்லுக்கட்டுப் போட்டால் என்ன?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் லயத்துக் கல்லுக்கட்டைப் போய்ப் பாருங்கள். இடையிடையே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்களில் மழைக்குத் தண்ணீர் ஒழுகுகிறதா? ஒழுகினால் கட்டு நிற்கும். செத்தை அடைத்திருந்தால், பின்னால் ஊறும் தண்ணீரே அதைத் தள்ளிவிடும். நான் கட்டிய ஒன்றும் அப்படித்தான் போனது. தண்ணீர் வடியக் கான் வெட்டும் செலவை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன், வேறென்ன.

கடலோரச் சுவர் விழுவது வேறு விதம். சுனாமிக்குப் பிறகு இரண்டு வருடம் தெற்குக் கரையில் வேலை பார்த்தேன். ஒரு சுவர், மேலே சுண்ணாம்பு பூசி அழகாக நின்றது. குனிந்து அத்திவாரத்துக்கு அடியில் கையை விட்டேன். முழங்கை வரை போனது. செங்குத்துச் சுவரில் மோதும் அலை அடங்குவதில்லை. கீழே இறங்கி மணலை அள்ளிக்கொண்டு போகும். சுவர் முடிகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரனின் கரையையும் தின்னும்.

மாலே நகருக்குச் சுவர் உண்டு. 1987இல் தெற்கு இந்து சமுத்திரத்தில் வெகுதூரத்தில் எழுந்த அலைகள் ஊருக்குள் புகுந்த பிறகு, ஜப்பான் உதவியோடு கட்டினார்கள். அதில் டெட்ராபொட் என்ற நாலு கால் கொங்கிரீட் கட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். இடுக்குகளில் புகுந்து புகுந்து அலை களைத்துப்போகும். 2004 சுனாமியில் தண்ணீர் உள்ளே வந்தது உண்மைதான், ஆனால் சுவர் இல்லாவிட்டால் சேதம் இன்னும் அதிகமாக இருந்திருக்கும். அது தலைநகரம், காசு கிடைத்தது. மக்கள் வாழும் தீவுகள் 180க்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் யார் கட்டுவது?

கட்டினாலும், அடியால் வரும் தண்ணீரை என்ன செய்வது? முருகைக்கல் (பவளப்பாறை) நிலம் சல்லடை மாதிரி. மழைநீர் உப்புநீருக்கு மேலே ஒரு படையாகத்தான் மிதக்கிறது. ஒரு தடவை அலை ஏறிவிட்டால் கிணறு உவர்த்துப்போகும். அதனால் வெளியே இருக்கும் முருகைப் பாறையை முதலில் காப்பாற்ற வேண்டும். அலையின் சக்தியில் சராசரியாக 97 சதவீதத்தை அதுவே உறிஞ்சிவிடுகிறது என்று 2014இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. கட்டிடத்துக்கென்று அதையே உடைத்தெடுத்த காலமும் உண்டு. நம் தென்கரையிலும் சுண்ணாம்புக்காக அப்படிச் செய்தார்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதது. 2014 டிசம்பரில் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்தது. அலை இல்லை, புயல் இல்லை, ஆனாலும் நகரம் முழுக்கக் குடிக்கத் தண்ணீர் இல்லை. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் அனுப்பியது.

மகனிடம் சொல்லுங்கள்: சுவிட்ச் போர்டும் ஜெனரேட்டரும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கட்டும். இடுப்புக்குக் கீழே என்றால் முதலாளியிடம் வாய் திறக்கட்டும். மேசன் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று விடக்கூடாது, அவற்றை உயர்த்தி வைக்க மேடை கட்டப் போகிறவன் அவன்தானே.

கேள்வி: 1964 புயலில் போன பாம்பன் பாலத்தைத் திருத்தினார்கள், தனுஷ்கோடியை ஏன் விட்டுவிட்டார்கள்?
– மாணவி, பண்டாரவளை

பதில்: பாலத்துக்குத் தூண்கள் மிஞ்சின. கடலுக்குள் விழுந்த இரும்பு கர்டர்களைத் தூக்கி எடுத்து, 46 நாளில் ரயில் ஓடவிட்டார்கள். தனுஷ்கோடியில் மிஞ்சியது மணல்தான், இரண்டு பக்கமும் கடல். அரசு அதை மனிதர் வாழத் தகுதியற்ற இடமென்று அறிவித்தது. அந்த முடிவில் தவறில்லை என்பது என் எண்ணம், சொல்லத்தான் மனம் வரவில்லை. என் தாத்தா இந்தத் தோட்டத்துக்கு வந்தது தனுஷ்கோடித் துறைமுகம் வழியாக. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குத் திரும்பிப் போன அத்தை குடும்பம் ராமேஸ்வரத்தில்தான் இறங்கியது.