சிவந்த நட்சத்திரம் மெதுவாகத் துடிக்குமா?

கேள்வி: துடிக்கும் நட்சத்திரங்கள் பருக்கும்போது பளிச்சென்றும் சுருங்கும்போது மங்கியும் தெரியும் என்று படித்தேன். இதில் நிறத்துக்கு என்ன வேலை? சிவந்தது என்றால் மெதுவாகத் துடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், தேனி

பதில்: எங்கே படித்தீர்கள் என்று எழுதியிருந்தால் அவர்களுக்கும் ஒரு கடிதம் போட்டிருப்பேன். நட்சத்திரம் மிகப் பருத்து நிற்கும் வேளையில் அதன் வெளிச்சம் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருக்கும்.

திருவோணத்துக்குத் தெற்கே கொஞ்சம் தள்ளி ஈட்டா அக்விலே என்ற துடிக்கும் நட்சத்திரம் இருக்கிறது. அதன் வெளிச்சம் மாறுவதை வானியலாளர் எட்வர்ட் பிகாட் 1784-இல் கவனித்தார். ஒரு சுற்றுக்கு 7 நாள், 4 மணி நேரம், சில நிமிடங்கள். வெளிச்சம் இரண்டு மடங்கு ஏறி இறங்குவது வெறும் கண்ணுக்கே தெரியும். ஆனால் விட்டம் மாறுவது சுமார் பத்து சதவீதம்தான். அதிலும் ஒளி உச்சத்தில் உள்ளபோதும் அடியில் உள்ளபோதும் விட்டம் ஏறக்குறைய ஒன்றே. மாறுவது சூடு, ஏறத்தாழ ஆயிரம் டிகிரி. வெளிவரும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுவதால் அதுவே போதும். உச்சத்தில் வெளிர் மஞ்சள், அடியில் அடர் மஞ்சள். நிறம்தான் இங்கே வெப்பமானி.

சூட்டை மடைபோல் அடைத்துத் திறப்பது உள்ளே இருக்கும் ஹீலியம் அடுக்கு. அழுந்தினால் ஒளியை மறிக்கும், விரிந்தால் விடும். ரொம்பச் சூடான நட்சத்திரத்தில் அந்த அடுக்கு மேற்பரப்பை ஒட்டி வந்துவிடும், தள்ளுவதற்கு அங்கே சரக்கு போதாது. ரொம்பக் குளிர்ந்ததில் வாயுவே கொதித்துப் புரண்டு சூட்டை மேலே கடத்திவிடும், அடைத்துப் பயனில்லை. அதனால்தான் ஈட்டா அக்விலே சேர்ந்த, செபீடு எனப்படும் துடிக்கும் நட்சத்திர வகை இந்த மஞ்சள் பட்டைக்குள்ளேயே அடங்குகிறது.

இனி உங்கள் முடிவு. கால அளவை, அதாவது ஒரு துடிப்புக்கு ஆகும் நேரத்தை, தீர்மானிப்பது அடர்த்தி. பெருத்துத் தளர்ந்த நட்சத்திரம் மெதுவாகத் துடிக்கும். செபீடுகளில் பெரியவை சராசரியாகச் சற்றே குளிர்ந்தவை, ஆகவே சிவப்புப் பக்கம் சாய்ந்தவை. அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒரே கால அளவுள்ள இரண்டை எடுங்கள்: பருமன் கிட்டத்தட்ட ஒன்று, எனவே நீலச் சாயல் கொண்டதே கூடுதல் பிரகாசம். 1912-இல் வானியலாளர் ஹென்ரியெட்டா லீவிட், சிறிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தின் 25 செபீடுகளை வைத்துக் கால அளவுக்கும் பிரகாசத்துக்கும் உள்ள உறவைக் காட்டினார். அந்த உறவை வரைபடத்தில் கோடாகப் போட்டால், அதைச் சுற்றிப் புள்ளிகள் சிதறுவதற்கு நிறமும் ஒரு காரணம்.

நிஜமாகவே சிவந்தது வேண்டுமென்றால் மீரா என்ற நட்சத்திரம். 332 நாள் கால அளவு, கண்ணுக்குத் தெரியும் ஒளி நூற்றுக்கணக்கான மடங்கு மாறும். மொத்த ஆற்றல் அவ்வளவு மாறுவதில்லை. கொஞ்சம் குளிர்ந்தாலே டைட்டானியம் ஆக்சைடு உருவாகிக் கண்ணுக்குரிய ஒளியை விழுங்கிவிடுகிறது.

அப்புறம், சிவப்பாகத் தெரிவதெல்லாம் குளிர்ந்ததும் அல்ல. இடையில் உள்ள தூசியும் சிவக்க வைக்கும். அதனால்தான் செபீடுகளை வைத்துத் தூரம் அளப்பவர்கள், தூசி அவ்வளவாக மறைக்காத அகச்சிவப்பு ஒளிக்குப் போகிறார்கள். கால அளவை மட்டும் எந்தத் தூசியும் மாற்றுவதில்லை.