ஸ்டெப்னி இல்லாத கார்: ரன்-பிளாட் டயரை நம்பலாமா?

கேள்வி: புது கார் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போன மாடலில் ஸ்டெப்னியே கிடையாது. "ரன்-பிளாட் டயர் சார், பஞ்சர் ஆனாலும் ஓடும்" என்கிறார் விற்பனையாளர். நம்பி வாங்கலாமா?

பதில்: ஓடும், அதில் சந்தேகம் வேண்டாம். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காற்று முழுக்க இறங்கிய பிறகு பெரும்பாலான ரன்-பிளாட் டயர்களுக்கு கம்பெனிகள் தரும் வரம்பு, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம். கார் நிறைய ஆளும் சாமானும் இருந்தால், வெயில் கொளுத்தினால், அந்தத் தூரமும் குறையும்.

காரணம் எளிது. சாதாரண டயரில் வண்டியின் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. அது போய்விட்டால் பக்கச்சுவர் மடிந்து ரிம்முக்கு அடியில் நசுங்கிவிடும். ரன்-பிளாட்டில் பக்கச்சுவருக்குள் கெட்டியான, சூடு தாங்கும் ரப்பரைக் கூடுதலாக வைத்திருப்பார்கள். காற்று இல்லாவிட்டாலும் அந்தச் சுவரே எடையைத் தாங்கி நிற்கும். ஆனால் சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் சுவர் வளைந்து நிமிர்கிறது, சூடேறுகிறது. அந்தச் சூடுதான் டயரைக் கொல்கிறது. வேகத்துக்கும் தூரத்துக்கும் வரம்பு வைத்திருப்பது அதனால்தான்.

இதனால் கிடைக்கும் நன்மை பெரியது. வேகமாகப் போகும்போது திடீரென்று காற்று இறங்கினாலும் வண்டி பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும். லாரிகள் பறக்கும் சாலையின் ஓரத்தில், இருட்டில், ஜாக்கி போட்டு சக்கரம் மாற்ற வேண்டியதில்லை. தனியாக ஓட்டுபவர்களுக்கும் முதியவர்களுக்கும் இது ஒன்றே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் பஞ்சர் என்றைக்கோ ஒரு நாள் வருவது. அந்த ஒரு நாளுக்கான விலையை மற்ற எல்லா நாளும் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் மேடுபள்ளம் அப்படியே முதுகுக்கு வரும். டயரின் எடை கூடுதல், விலையும் கூடுதல். எல்லாக் கடையிலும் உங்கள் அளவு இருப்பில் இருக்காது. பெரிய பள்ளத்தில் வேகமாக இறங்கினால் அதிர்ச்சியை டயர் அதிகம் உள்வாங்காது. அலாய் வீல் வளையவோ விரிசல் விடவோ வாய்ப்பு கூடும்.

அதனால் நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள். நகரமும் அதைச் சுற்றியுள்ள நல்ல சாலைகளும்தான் என்றால் தாராளமாக வாங்கலாம். 80 கிலோமீட்டருக்குள் ஏதாவது ஒரு டயர் கடை வந்துவிடும். அடிக்கடி காட்டுப் பாதை, மலைப் பாதை, ஆளில்லாத நெடுந்தூரம் என்று போகிறவர் என்றால், என் ஓட்டு முழு அளவு ஸ்டெப்னிக்குத்தான். பக்கச்சுவர் கிழிந்துவிட்டால் ரன்-பிளாட்டும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்ல முடியாது.

வாங்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். விற்பனையாளர் கூட்டிப்போகும் வழுவழுப்பான சாலையோடு நிறுத்தாமல், மோசமான சாலையிலும் ஓட்டிப் பாருங்கள். வீட்டுப் பெரியவரைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள், அவர் முகமே பதில் சொல்லும். அப்புறம் டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். சில கார்களில் ஸ்டெப்னி வைக்கும் குழி இருக்கும், சக்கரம் மட்டும் இருக்காது. அப்படியானால் பின்னால் மனம் மாறினாலும் வழி உண்டு. சிலவற்றில் அந்த இடத்தில் பேட்டரியோ வேறு ஏதாவதோ இருக்கும். அதில் ஸ்டெப்னி வைப்பதென்றால் பெட்டிகளோடு பெட்டியாக டிக்கியில்தான் கிடக்கும்.

கேள்வி: டயர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ரன்-பிளாட்தானே என்று மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். பார்த்தால் ஆணி. ஒரு கடையில் பஞ்சர் ஒட்டலாம் என்கிறார்கள், இன்னொரு கடையில் தூக்கிப்போடச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: காற்று எவ்வளவு இறங்கிய நிலையில் ஓட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆணி ஏறினாலும் அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டு, காற்று கொஞ்சம்தான் குறைந்திருந்தது என்றால் டயருக்குள் சேதம் இல்லாமல் இருக்கலாம். காற்றே இல்லாமல் ஓட்டியிருந்தால் தூக்கிப்போடச் சொன்னவர் பேச்சைக் கேளுங்கள்.

வெளியில் பார்த்து எதையும் சொல்ல முடியாது. டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உங்கள் கண்முன்னே டார்ச் அடித்து உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பக்கச்சுவரின் உள்பக்கம் வளையம் வளையமாகச் சுருக்கம் விழுந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, விரலால் தடவினால் கருப்பாக ரப்பர் தூள் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த டயர் முடிந்தது. எதுவும் இல்லை, ஓட்டையும் சிறியது, தரையில் படும் பகுதியின் நடுவில்தான் இருக்கிறது, டயர் கம்பெனியும் ஒட்ட அனுமதிக்கிறது என்றால் உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காம்பு ஓட்டையை நிரப்ப, தலை உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும் காளான் வடிவ ஒட்டு) போடலாம். சில கம்பெனிகள் அடியோடு அனுமதிப்பதில்லை, அதனால் கம்பெனியின் குறிப்பைப் பார்த்துவிடுங்கள். கழற்றாமல் வெளியிலிருந்தே குச்சி சொருகி அனுப்புகிறேன் என்கிற கடையில் நிற்காதீர்கள்.

இன்னொன்று. ஒரு டயரை மட்டும் மாற்றும்போது அதே அச்சிலுள்ள மற்ற டயர் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது. நான்கு சக்கர இயக்கம் உள்ள கார்களில் இதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ரன்-பிளாட்டின் உண்மையான செலவு இப்படித்தான் ஏறுகிறது.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கினேன், ரன்-பிளாட்டோடு வந்தது. டயர் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சாதாரண டயருக்கு மாறலாமா? ரிம்மையும் மாற்ற வேண்டுமா?

பதில்: பெரும்பாலான கார்களில் மாறலாம், ரிம்மை மாற்ற வேண்டியதில்லை. பிஎம்டபிள்யூ பல மாடல்களுக்கு ரன்-பிளாட்டைக் கொடுத்தாலும், எம்3, எம்5 போன்ற வேக கார்களுக்கு சாதாரண டயரைத்தான் போட்டு வந்தது. ஆகவே சாதாரண டயர் ஏதோ மட்டம் என்ற எண்ணம் வேண்டாம்.

நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரன்-பிளாட், மறுபக்கம் சாதாரணம் என்று கலப்பது ஆபத்து. அளவு கார் கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்; சுமைக் குறியீடும் (டயர் தாங்கும் எடை), வேகக் குறியீடும் (அது தாங்கும் வேகம்) அதில் உள்ளதற்குக் குறையக் கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

வண்டி மெத்தென்று ஓடும். ஸ்டீயரிங் முன்பிருந்த அளவு கூர்மையாக இல்லாதது போலத் தெரியலாம். அந்தக் காரின் சஸ்பென்ஷனை விறைப்பான டயருக்கென்றே அமைத்திருப்பார்கள். கூடவே பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். இடம் இருந்தால் ஸ்டெப்னியும் ஜாக்கியும், இல்லையென்றால் அடைப்புத் திரவமும் சின்ன கம்ப்ரஸரும். அந்தத் திரவம் சிறிய ஆணி ஓட்டைக்கு உதவும், பக்கச்சுவர் கிழிசலுக்கு உதவாது.

முடிவுக்கு வர முடியாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. உள்பக்கம் பிசின் மாதிரி ஒரு படலம் பூசிய, தானே அடைத்துக்கொள்ளும் டயர்கள் வருகின்றன. கான்டினென்டலின் கான்டிசீல், பிரெல்லியின் சீல் இன்சைட் எல்லாம் இந்த வகை. தரைப்பகுதியில் சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர் வரையிலான ஓட்டையை அடைத்துவிடும். தினசரி ஓட்டத்தில் பெரும்பாலும் வருவது ஆணி பஞ்சர்தான் என்பதால், உங்கள் அளவில் கிடைத்தால் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: ரன்-பிளாட் ரொம்பக் குதிக்கிறது. காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். குறைந்த காற்றில் ஓடினால் பக்கச்சுவர் சூடேறும், உள்ளுக்குள்ளேயே கெடும். சுவர் விறைப்பாக இருப்பதால் காற்று இறங்கியது பார்வைக்கும் தெரியாது. இந்த டயரோடு காற்றழுத்த எச்சரிக்கை கருவி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். அந்தக் கருவி இல்லாத காரில் ரன்-பிளாட் போடவே கூடாது.

கேள்வி: ஒரு டயர் ரன்-பிளாட்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பக்கச்சுவரில் எழுதியிருக்கும், ஆனால் கம்பெனிக்கு ஒரு பெயர். பிரிட்ஜ்ஸ்டோனில் ஆர்எஃப்டி, மிஷெலினில் இசட்பி, கான்டினென்டலில் எஸ்எஸ்ஆர், குட்இயரில் ஆர்ஓஎஃப். பென்ஸ் கார்களுக்கான டயரில் எம்ஓஇ என்று இருந்தால் ரன்-பிளாட், வெறும் எம்ஓ என்றால் இல்லை. பிஎம்டபிள்யூவுக்கான நட்சத்திரக் குறியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அது சாதாரண டயரிலும் உண்டு. பழைய கார் வாங்கும்போது நான்கு சக்கரத்தையும் தனித்தனியாகப் படியுங்கள். மூன்று ரன்-பிளாட்டும் ஒரு சாதாரண டயருமாக ஓடும் வண்டிகள் உண்டு. அப்படியே பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் தயாரிப்புக் குறியின் கடைசி 4 இலக்கத்தையும் பாருங்கள். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது.